பூப்பந்து ஆடும் பிள்ளைக்கு முட்டி வலி: கிரீன் லேன் பிசியோ மையம் எப்படி?

பினாங்கில் பிள்ளைகளைப் பூப்பந்துக்கோ ஸ்குவாஷுக்கோ ஓட்டத்துக்கோ அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 வயதிலிருந்து 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முட்டியோ குதிகாலோ வலிக்கிறது என்றால் இந்த மையத்துக்குத் தாராளமாகப் போகலாம். பெரியவர்களின் கழுத்து வலி, இடுப்பு வலிக்கு இதைவிட மலிவான இடங்கள் தீவில் நிறைய உண்டு. சனிக்கிழமை குழு வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் மட்டும் நன்றாக யோசியுங்கள்.

மையத்தின் பெயரைப் போடவில்லை. கீழே சொல்லியிருக்கும் குறைகளில் ஒன்றிரண்டு அங்கே வேலை செய்யும் தனி ஆட்களைப் பற்றியவை, ஊரோ சின்னது. ஜாலான் மஸ்ஜித் நெகிரியில், அதாவது நாம் இன்னும் கிரீன் லேன் என்றே சொல்லும் சாலையில், ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்காரர்களை இரண்டு மாடி ஏறவைத்துப் பணம் வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்டதற்கு, "ஏறி முடிக்கிறதுக்குள்ள பாதி சோதனை முடிஞ்சிடும்" என்றாள் என் மனைவி.

நோயாளி என் மகள். 12 வயது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. அவளுடைய அலமாரிக் கதவில் மலேசிய இரட்டையர் ஆட்டக்காரி தீனா முரளிதரனின் படம் ஒட்டியிருக்கும். 2022 காமன்வெல்த் போட்டியில் பெர்லி டானோடு சேர்ந்து வாங்கிய தங்கம், 2025 பாரிஸ் உலகப் போட்டியில் வாங்கிய வெள்ளி, எல்லாம் இவள் வாயில் எப்போதும் இருக்கும். வலி வலது முட்டிக்குக் கீழே, முன்னங்கால் எலும்பு தொடங்கும் இடத்தில். முதலில் படி ஏறும்போது வலித்தது. அப்புறம் கோயிலில் முட்டி போட்டு வணங்கும்போது முகம் சுளித்தாள். கடைசியில் ஆட்டத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

நாங்கள் கேட்ட ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. வழக்கமாகப் போகும் கிளினிக் டாக்டர், "வளர்ற வலிதான், மூணு மாசம் ஓடாம குதிக்காம இருக்கட்டும்" என்றார். கோச் தொடையை இழுத்து நீட்டச் சொன்னார். மாமியார் சூடு எண்ணெய் தடவி கோயோக் என்னும் மருந்துப் பட்டை ஒட்டினார். என் தங்கை கணவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். ஆளுக்கொரு வைத்தியம் கிடைத்தது, ஆனால் அவள் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை முதலில் கேட்ட இடம் இந்த மையம்தான். என் மதிப்பெண்ணில் பெரும்பங்கு அதற்கே போகிறது.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். யார் எதை அளந்தாலும் கருவியையும் கையையும் கவனிப்பது என் பழக்கம். எங்களுக்குக் கிடைத்த பிசியோ ஈப்போவைச் சேர்ந்த தமிழ்ப்பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். என் மகள் உள்ளே நுழைந்த சற்று நேரத்திலேயே அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். அவர் என்னை அங்கிள் என்றார். எனக்கு அவ்வளவு வயதாகவில்லை, ஆனாலும் இருக்கட்டும்.

முட்டி வலி என்று வந்த பிள்ளையைப் படுக்க வைத்து, முட்டியைத் தொடாமல் முதலில் இடுப்பைப் பார்த்தார். காலை மடக்கி உள்ளும் புறமும் திருப்பினார். ஏன் என்று கேட்டேன். இந்த வயதில் தொடையெலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில், அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்பு இருக்கும் இடத்தில், நழுவிவிடும் ஒரு கோளாறு சில பிள்ளைகளுக்கு வரும், இடுப்பில் வலிக்காமல் முட்டி வலியாக மட்டும் வெளியே தெரியலாம் என்று விளக்கினார். அது இருந்தால் பயிற்சி எதுவும் கிடையாது, பிள்ளையை நடக்கக்கூட விடாமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரவில் தூக்கத்தை எழுப்பும் வலி உண்டா, காய்ச்சல் உண்டா, முட்டி வீங்கியதா என்றும் கேட்டு எழுதிக்கொண்டார். இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான், "ஒரே விரலால வலி எங்கன்னு காட்டுமா" என்றார்.

அந்த ஒரு விரல் காட்டும் இடத்தை வைத்தே நிறையச் சொல்லிவிடலாமாம். முட்டிச்சில்லின் கீழ் நுனியில் வலித்தால் ஒன்று. சில்லுக்கும் முன்னங்கால் எலும்புக்கும் நடுவே, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணின் மேலேயே வலித்தால் இன்னொன்று. அதற்கும் கீழே, தசைநாண் எலும்பில் போய்ப் பிடிக்கும் மேட்டில் வலித்தால் மூன்றாவது. என் மகள் காட்டியது மூன்றாவது. 1903இல் பாஸ்டனில் ஆஸ்குட், சூரிக்கில் ஷ்லாட்டர் என்று இரண்டு மருத்துவர்கள் ஒருவரையொருவர் சாராமல் இதை விவரித்தார்கள், இன்றும் அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது. குதிகாலிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வலி உண்டு. அது இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு வரும்.

அந்த மேடு இந்த வயதில் முழு எலும்பு அல்ல. உள்ளே வளரும் குருத்தெலும்பு இருக்கிறது. தொடையின் முன்பக்கத் தசை சுருங்கும்போதெல்லாம் முட்டிச்சில்லு வழியாகத் தசைநாண் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. குதித்து இறங்கும்போதும், வலைக்கு அருகில் காலை எட்டி வைத்துப் பந்தை எடுக்கும்போதும் இழுவை பல மடங்கு. பெரியவர்களுக்கு இதே சுமையில் தசைநாண் பழுதாகும், வளரும் பிள்ளைக்கு அது பிடித்திருக்கும் இடம் நோகும்.

அடுத்து அளவு. சுவரோரம் நிற்க வைத்து உயரம் எடுத்தார். பிறகு ஒரு மரப்பெட்டியின் மேல், முதுகு சுவரில் படும்படி உட்கார வைத்து உட்கார்ந்த உயரம் எடுத்தார். நின்ற உயரத்திலிருந்து அதைக் கழித்தால் கால் நீளம். இரண்டு அளவையும் இரண்டிரண்டு முறை எடுத்து, வேறுபாடு கூடுதலாக இருந்தால் மூன்றாவது முறையும் எடுப்பார்களாம். அங்கேயே என் மனசு பாதி நிறைந்துவிட்டது. இந்த எண்களோடு வயது, எடை எல்லாம் சேர்த்து, பிள்ளை தன் வளர்ச்சியின் உச்ச வேகத்துக்கு எவ்வளவு முன்னால் அல்லது பின்னால் இருக்கிறது என்று கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. கனடாவின் சாஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்டது. பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயது வாக்கிலும் ஆண் பிள்ளைகள் 14 வாக்கிலும் அந்த உச்சத்தைத் தொடுவார்கள். அந்த ஓராண்டில் பெண்கள் சுமார் 8 சென்டிமீட்டர் வளர்வார்கள், ஆண்கள் 9 அல்லது 10. முதலில் கால்கள் நீளும், உடல் பின்னால் வந்து சேரும். பள்ளி தொடங்கும்போது வாங்கிய காலணி வருடம் முடிவதற்குள் பத்தாமல் போவதும் அதனால்தான்.

"இந்தக் கணக்குல பிழை எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் முன்னப் பின்ன சாதாரணம் அங்கிள். ஒரு வருஷம்கூடத் தப்பலாம். அதனாலதான் மூணு மாசத்துக்கு ஒருக்கா திரும்பவும் அளக்கிறோம், எண்ணைவிட அது போற திசையைப் பார்க்கிறோம்."

பிழை அளவைக் கேட்டதும் தடுமாறாமல் சொல்பவரை நான் நம்புவேன். கணக்குப்படி என் மகள் உச்சத்துக்கு மிக அருகில் இருந்தாள்.

அங்கே கிடைத்த விளக்கங்களில் என் மண்டையில் நன்றாக ஏறியது தேர் வடம். தசைகள் தேர் இழுக்கும் ஆட்கள், தசைநாண் வடம் என்றார். பருவ வயதில் இழுக்கும் ஆட்கள் சட்டென்று கூடிவிடுகிறார்கள், வடம் மட்டும் போன வருடத்தது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், பயிற்சிக்குச் சில வாரங்களிலேயே பலம் கூடிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதன் கொலாஜன் இழைகள் மெதுவாகத்தான் மாறும். அதிலும் முக்கியமான ஒன்று, இரண்டும் ஒரே மாதிரிப் பயிற்சிக்கு இணங்குவதில்லை. குதிப்பது, ஓடுவது, வேகமாகத் திரும்புவது எல்லாம் தசையை வளர்க்கும். தசைநாண் விறைப்பாக வளர வேண்டுமென்றால் கனமான சுமையும், அது சில விநாடிகளாவது நீடிப்பதும் தேவை. குதித்து இறங்கும் கால் விநாடி அதற்குப் பற்றாது.

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு பதின்ம வயதுக் கைப்பந்து வீரர்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்து வந்திருக்கிறது. தொடைத் தசையின் பலமும் முட்டித் தசைநாணின் விறைப்பும் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு சீராக ஏறுவதில்லை, நடுவில் இடைவெளி விழுகிறது என்பது அவர்கள் கண்டது. தசைநாணுக்கு அவர்கள் பரிந்துரைக்கும் பயிற்சி நம் வீட்டுக் கூடத்திலேயே செய்யக்கூடியது: அதிகபட்ச பலத்துக்குப் பக்கத்தில் மூன்று விநாடி அழுத்தம், மூன்று விநாடி ஓய்வு, நான்கு முறை. அப்படி ஐந்து சுற்று. வாரம் சில நாட்கள், மூன்று மாதத்துக்குக் குறையாமல்.

கோபன்ஹேகனில் செய்த ஒரு ஆராய்ச்சியைப் படித்தபோதுதான் கட்டிய பணம் வலிக்காமல் போனது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன் 14 ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. அது உணவு வழியாக எல்லார் உடம்பிலும் ஏறியது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. ஆகவே உடம்பின் ஒரு திசுவில் கார்பன் 14 எவ்வளவு என்று அளந்தால், அந்தத் திசு எந்த ஆண்டு உருவானது என்று சொல்லிவிடலாம். குதிகால் தசைநாணின் மையப்பகுதியை இப்படி அளந்தவர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு, அது ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம் என்பது. பெரியவர்களின் தசைநாண் பயிற்சியால் மாறவே மாறாது என்று இதற்குப் பொருள் இல்லை, விறைப்பு கூடத்தான் செய்யும். ஆனால் அடிப்படை இழை உருவாகும் காலம் பள்ளிப் பருவம்தான். மூன்று மாதம் அசையாமல் உட்கார் என்ற ஆலோசனையை இதோடு வைத்துப் பாருங்கள்.

சரி, மையத்துக்கு வருகிறேன். முட்டியோடு நிறுத்தவில்லை என்பதுதான் இரண்டாவது பெரிய மதிப்பெண். வலித்தது வலது கால். வலது கை ஆட்டக்காரிக்கு வலைப்பக்கம் எட்டி வைக்கும் கால் அது, வலி அங்கே வந்ததில் அதிசயம் இல்லை. ஆனால் பிசியோ நெடுநேரம் பார்த்தது இடது காலை. 30 சென்டிமீட்டர் பெட்டியிலிருந்து குதித்து இறங்கச் சொல்லி டேப்லெட்டில் படம் பிடித்தார். பிறகு ஒற்றைக் காலில். மெதுவாக ஓட்டிக் காட்டியபோது எனக்கே தெரிந்தது, இறங்கும் நேரத்தில் இடது முட்டி உள்பக்கம் சரிந்து விழுகிறது. "ஐயோ, என் கால் ஏன் இப்படிப் போகுது?" என்றாள் மகள்.

பூப்பந்தில் முட்டியின் முன் சிலுவைத் தசைநார் (முட்டிக்குள் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் ஏசிஎல்) கிழிவது பெரும்பாலும் மட்டை பிடிக்காத பக்கத்துக் காலில்தானாம். பின்கோட்டின் பேக்ஹேண்ட் மூலைக்குப் போய், தலைக்கு மேல் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும் அந்த நொடியில். இன்று வலிக்கும் கால் ஒன்று, நாளை பெரிய ஆபத்து காத்திருக்கும் கால் வேறொன்று. வலிக்கிற காலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பியிருந்தால் இது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஏன் இப்படிச் சரிகிறது என்றால், அதற்கும் வளர்ச்சிதான் ஒரு காரணம். கால் நீண்டு கனம் கூடுகிறது, அதை ஆட்டவும் நிறுத்தவும் தேவையான விசை மாறுகிறது, மூளை இன்னும் பழைய காலின் கணக்கிலேயே இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் இது நடப்பதில்லை, நடந்தாலும் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. எங்கள் வீட்டில் அந்தச் சில மாதங்கள் தண்ணீர்க் குவளை தட்டிவிடுவதும் கதவு நிலையில் தோள் இடிப்பதும் சர்வீஸ் வலையில் விழுவதுமாகப் போயின. "விளையாட்டுப் புத்தி" என்று பாட்டியிடம் திட்டு வேறு. சின்சினாட்டியில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பருவமடைந்து முதிரும்போது பெண் பிள்ளைகள் குதித்து இறங்குகையில் முட்டி உள்ளே சரிவது கூடியது. ஆண் பிள்ளைகளுக்குத் தசைப் பலம் கூடவே ஏறி ஈடு கட்டிவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அதைப் பயிற்சியால் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி சொல்லித்தந்த விதம் எனக்குப் பிடித்தது. முட்டியை வெளியே தள்ளு, இடுப்பை இறுக்கு என்று உடம்பைப் பற்றி அவர் பேசவே இல்லை. "கீழ டயர் கடைக்காரருக்கு நீ குதிச்சது கேக்கக் கூடாது" என்றார், அவ்வளவுதான். சத்தமில்லாமல் இறங்க வேண்டுமென்றால் முட்டி மடங்கியே ஆக வேண்டும், கால் நேராக நின்றே ஆக வேண்டும். கொஞ்ச நேரத்தில் இடது கால் சரிவது கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. வீட்டிலும் இதே விளையாட்டுத்தான், கீழ் வீட்டு ஆன்ட்டிக்காக.

வலி பிடித்த காலுக்கு முதல் மாதம் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நாற்காலிக் காலில் கட்டிய பெல்ட்டைக் கணுக்காலால் முன்னே தள்ளிப் பிடிப்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. வலி பத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதத்தில் சுவரில் முதுகு வைத்து உட்கார்ந்து எழுவது, பிறகு மெதுவாகக் காலை முன்னே எட்டி வைப்பது. கடைசியில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே வேலை. டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுள்ள 51 பிள்ளைகளை வைத்து இந்த வரிசையைச் சோதித்து 2020இல் எழுதியிருக்கிறார்கள். 12 வாரத்தில் பத்தில் எட்டுப் பேர் நல்ல முன்னேற்றம் என்றார்கள். ஆனால் அந்த 12 வாரத்தில் விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 16 விழுக்காடுதான், ஓராண்டில் 69 விழுக்காடு. இந்த எண்ணை பிசியோ முதல் நாளே எங்களிடம் சொன்னார். ஆண்டு இறுதிக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்து ஆள் பிடிக்கவில்லை.

கோச்சுக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதம் தனியாகச் சொல்ல வேண்டியது. மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம். குதித்து அடிக்கும் ஸ்மாஷ் வேண்டாம், கூடை கூடையாகப் பந்து வீசி எட்டி வைக்கச் செய்யும் பயிற்சி வேண்டாம். சர்வீஸ், நடுக்கோட்டு டிரைவ், வலை ஆட்டம் எல்லாம் தாராளமாக. கூடவே ஒரு கணக்கு: வாரத்தில் ஆடும் மொத்த மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பள்ளி அணி, கிளப், தனிப் பயிற்சி, தாமான் மண்டபத்தில் அண்ணன்மார்களோடு ஆடுவது என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மாவட்டப் போட்டி நெருங்கும் வாரங்களில் அவள் 12ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். இந்த வயதுக் கணக்கு சிகாகோ மருத்துவர்கள் இளம் விளையாட்டு வீரர்களிடம் நடத்திய ஆய்விலிருந்து வந்தது, 2015இல் வெளியானது. எங்கள் கோச் கொஞ்சம் முரட்டு ஆசாமி, என்ன சொல்வாரோ என்று பயந்தேன். படித்துவிட்டு அதை மண்டபத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். வாயால் சொன்னால் கேட்காதவர்கள் முத்திரை குத்திய காகிதத்துக்கு அடங்குவார்கள்.

இனி குறைகள்.

சனிக்கிழமைக் குழு வகுப்பு. தலைக்கு 50 ரிங்கிட். ஒன்பது வயதுப் பொடியனும் மீசை முளைத்த பதினாறு வயதுப் பையனும் ஒரே வரிசையில் நின்று ஒரே உயரப் பெட்டியில் ஏறிக் குதிக்கிறார்கள். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. நடத்துபவர் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர். காற்றடைத்த மெத்தை, ஆடும் பலகை, கலர் கலராக விளக்கு என்று சாமான்கள் நிறைய, அளவு ஒன்றும் இல்லை. தனிச் சந்திப்பில் உட்கார்ந்த உயரம்வரை அளக்கும் அதே மையம் இங்கே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. இதற்குப் பதிலாக ஃபிஃபா வெளியிட்ட 11 பிளஸ் என்னும் 20 நிமிட வார்ம்-அப் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கால்பந்துக்கென்று செய்தது, ஆனால் ஒற்றைக் கால் சமநிலை, குதித்து இறங்குதல், தொடைப் பலம் எல்லாம் அதில் உண்டு. நார்வேயில் பதின்ம வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் சோதித்து 2008இல் காயங்கள் குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். கோச்சிடம் கொடுத்தால் பந்தை விட்டுவிட்டு மீதியைச் செய்யவைப்பார்.

அடுத்து ஆள் மாற்றம். ஒரு முறை எங்கள் பிசியோ விடுப்பில் இருந்தார், முன்கூட்டிச் சொல்லவில்லை. வேறொருவர் வந்து, குறிப்பேட்டைத் திறக்காமலே அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத பிள்ளைக்கு அந்த இடத்தில் இதை வைப்பதில் எச்சரிக்கை தேவை என்பது அவர்கள் துறையின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. வேண்டாம் என்றேன். மறு பேச்சு இல்லாமல் இயந்திரத்தை ஓரம் கட்டினார், ஆனால் நேரத்துக்கான பணம் முழுதாக வாங்கப்பட்டது. புகார் எழுதினேன். மன்னிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது, பணம் வரவில்லை.

முகப்பில் இருக்கும் பெண் பத்துச் சந்திப்புப் பேக்கேஜை விடாமல் விற்கிறார், ஆறு மாதத்தில் காலாவதி. உள்ளே இருக்கும் பிசியோவோ, "மாசம் ஒரு தடவை வந்தா போதும், மீதி வீட்டுலதான்" என்கிறார். உள்ளே சொல்வதையே கேளுங்கள். முதல் சந்திப்பு 160 ரிங்கிட், அடுத்தவை 120. பேக்கேஜில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு, ஆனால் அத்தனை சந்திப்பு தேவைப்படாது. கலர் டேப் சுருள் 45 ரிங்கிட், மகளுக்கு அழகாக இருந்தது, அதற்கு மேல் நான் ஒன்றும் காணவில்லை. முட்டிச்சில்லுக்குக் கீழே கட்டும் பட்டை 38 ரிங்கிட். ஆடும்போது வலி கொஞ்சம் தணிகிறது என்கிறாள், கழற்றினால் பழையபடிதான். கட்டாயம் வேண்டுமென்றால் ஷாப்பீயில் இன்னும் மலிவு. அரசு மருத்துவமனையிலும் பிசியோ உண்டு, செலவு மிகக் குறைவு. பரிந்துரைக் கடிதமும் பொறுமையும் தேவை.

இப்போது நிலைமை என்ன என்று கேட்பீர்கள். இரட்டையர் ஆடுகிறாள். ஆட்டம் முடிந்த இரவு வலி ஒன்று அல்லது இரண்டு என்று நோட்டில் எழுதுகிறாள், காலையில் பூஜ்யம். இடது முட்டி அவள் களைத்துப் போனால் மட்டும் உள்ளே சரிகிறது. ஒற்றையர் ஆட்டத்துக்கு இன்னும் அனுமதி இல்லை, அதற்காக என்னோடு சண்டை. எலும்பு மேடு அப்படியே இருக்கிறது, பலருக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடுமாம். தங்கட்டும்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். பிசியோவின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது, பாருங்கள். வேறு எங்கே போனாலும் கேட்டுப் பாருங்கள், 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி பதிவு கட்டாயம். முன்பதிவு வாட்ஸ்அப்பில் மட்டும்தான், பதிவு செய்யும்போதே வளரும் பிள்ளை என்று சொல்லி அதே பிசியோவைக் கேளுங்கள். குட்டைக் கால்சட்டை, ஆடும் காலணி, முடிந்தால் பிள்ளை ஆடும் வீடியோ ஒன்று கொண்டு போங்கள். பள்ளியில் உயரம் எடுத்த பழைய பதிவு இருந்தால் அதையும் கேட்பார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கிரீன் லேனில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, பின்சந்தில் போடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.